மில்லிமீட்டர்காரி

1977 மார்ச் 8, செவ்வாய்

பனி உருகத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை வாசல் முழுக்கச் சேறு. காலையில் மேலாளர் டாலிவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கொள்முதல் பிரிவில் ஏதோ ஆர்டர் தவறிப்போயிருக்கும், திட்டு வாங்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தாலே சந்தேகப்பட வேண்டும்.

விஷயம் இதுதான். டிராக்டருக்கு நாங்கள் செய்துகொடுக்கும் ஹைட்ராலிக் பம்பை வாங்குகிற பெரிய கம்பெனி, அடுத்த மாடலிலிருந்து எல்லா அளவும் மில்லிமீட்டரில் வேண்டும் என்று சொல்லிவிட்டது. டிராக்டரை ஐரோப்பாவிலும் விற்கப் போகிறார்களாம். அங்கே அங்குலம் செல்லாது. வாஷிங்டனிலும் நாட்டையே மீட்டர் கணக்குக்கு மாற்றச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

"மெஷினை மாத்துறது பெரிய வேலை இல்ல, மிஸஸ் டோலெஃப்சன். ஆளுங்களை மாத்தணும். மெஷின் ஓட்டுற ஷாப்புக்கு மட்டும் சொன்னாப் போதாது, இந்த ஊருக்கே புரிய வைக்கணும். ராத்திரி சாப்பாட்டு மேஜையில பொண்டாட்டி சிரிச்சான்னு வைங்க, மறுநாள் இவன் கத்துக்கவே மாட்டான். நீங்க நல்லாப் பேசுவீங்க. சர்ச்சுல கேட்டிருக்கேன்."

சர்ச்சில் நான் பேசியது, சூப் விருந்துக்கு யார் பெரிய பாத்திரம் கொண்டுவருவது என்பதைப் பற்றி.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? என் வீட்டுக்காரர் கார்ல் இறந்த பிறகு யாரும் என்னிடம் புதிதாக எதையும் கேட்டதில்லை. எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 20, ஞாயிறு

லெராய் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் செய்திருந்தேன். என் தம்பி எங்கள் தொழிற்சாலையில்தான் லேத் ஓட்டுகிறான். யூனியன் ஆளும் அவன்தான். அதனால் நானே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அக்கா, உனக்கு இந்த ஊர்ல வேற வேலையே கிடைக்கலையா?"

"இதுல என்னடா தப்பு?"

"ஷாப்புல உனக்கு என்ன பேர் வச்சிருக்கானுங்க தெரியுமா? மில்லிமீட்டர்காரி."

"நல்லாத்தானே இருக்கு."

"சிரிக்காத. அங்க ஒவ்வொருத்தனும் தன் கருவிப்பெட்டியைத் தன் காசுல சேர்த்திருக்கான். ஸ்பேனர், மைக்ரோமீட்டர், எல்லாமே. நாளைக்கு அதெல்லாம் செல்லாதுன்னு மேடையேறிச் சொல்லப் போறது யாரு? என் கூடப் பிறந்தவ!"

ஆப்பிள் பை பலகாரத்தைத் தொடாமலே கிளம்பிப் போனான். அவனுக்காகத்தான் செய்தது. மூன்று நாள் நானே தின்ன வேண்டும்.

ஏப்ரல் 14

சாப்பாட்டுக் கூடத்தில் சிரித்த முகம் வரைந்த சுவரொட்டி ஒட்டினேன்: 'மீட்டர் நம் நண்பன்.' மதியத்துக்குள் நண்பனுக்கு மீசை முளைத்திருந்தது.

மே 12, வியாழன்

லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில், பெண்கள் சங்கத்தில் முதல் பேச்சு. கேரட் போட்ட பச்சை ஜெல்லியும் காபியும் கொடுத்துவிட்டு எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். லிட்டர், கிராம் என்று ஆரம்பித்ததும் ஆர்டிஸ் ஹால்வர்சன் கையைத் தூக்கினாள். அவள் கை தூக்கினால் கூட்டம் அவள் பக்கம் போய்விடும்.

"வெர்னா, என் இடுப்பை சென்டிமீட்டர்ல அளந்தா நூறைத் தாண்டிடும். எங்க வீட்டுக்காரர் கேட்டா ஊரை விட்டே ஓடிருவாரு!"

ஒரே சிரிப்பு. என்ன சொல்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன். "எடையைக் கிலோவுல சொன்னா பாதிக்குக் கீழ வந்துடும், ஆர்டிஸ். ரெண்டையும் சேர்த்து அவர்கிட்ட சொல்லு."

அதன்பிறகு ஆளாளுக்கு வந்து தங்கள் எடையைக் காதோடு சொல்லி, கிலோவில் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போனார்கள். போதகரின் மனைவி மட்டும், "இது ரஷ்யாக்காரங்க கணக்குதானே?" என்றாள். ரஷ்யாவுக்கு முன்னால் பிரான்ஸ் என்றேன். அது அவளுக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து யாரிடமாவது இதையெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. லெராய்க்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வீட்டில்தான் இருந்தான்; வரும் வழியில் அவன் வாசலில் வண்டி நின்றதைப் பார்த்தேன்.

செப்டம்பர் 12, திங்கள்

கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கும் எங்கள் கிளைத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். கிறிஸ்துமஸ் வரை இருந்து, ஆட்களுக்கு மில்லிமீட்டரில் அளக்கச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் ஏற்கெனவே மாறிவிட்டார்களாம். பெயர் ஃபெரென்ட்ஸ் ஹல்மோஷ். ஹங்கேரியில் பிறந்தவர். ஷாப்பில் இன்றைக்கே அந்தப் பெயரை ஃபிராங்க் என்று ஆக்கிவிட்டார்கள். காதோரம் நரை. கோட்டில் ஒரு பொத்தான் வேறு நூலில் தைத்திருக்கிறது. தைக்கத் தெரியாதவர் தைத்தது.

செப்டம்பர் 23, வெள்ளி

ஊரில் வெள்ளிதோறும் நடக்கும் மீன் விருந்துக்கு இன்று ஃபெரென்ட்ஸைக் கூட்டிப்போனேன். வெளியூர்க்காரர், தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்றுதான். (என்றுதானா?) மீனைவிட ரை தானிய ரொட்டிதான் அவருக்குப் பிடித்தது.

அவருடைய பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டேன். மூன்றாம் தடவை சரியாக வந்தபோது முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த நாட்டுல முதல் ஆள் நீங்கதான்," என்றார்.

ஐம்பத்தாறில், ஹங்கேரியில் கலவரம் நடந்த சமயம், நடந்தே ஆஸ்திரியா எல்லையைத் தாண்டியவர். அம்மா இன்னும் அங்கே இருக்கிறாள். கனடாவில் போய் இறங்கியபோது அடி, அங்குலம், பவுண்டு எதுவுமே தெரியாதாம். கடையில் அரைப் பவுண்டு இறைச்சி கேட்பதற்குக் கூடப் பயந்து, விரலால் காட்டுவாராம்.

"கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். கனவுல கூட அங்குலம் வர ஆரம்பிச்சுது. இப்பப் பாருங்க, அவங்களே மீட்டருக்கு, என் கணக்குக்கு வர்றாங்க. நான் மறந்துபோன யாரோ என்னைத் தேடிக்கிட்டு வந்து கதவைத் தட்டுற மாதிரி இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு மீனைத் திரும்பத் தின்ன ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் அப்புறம் இறங்கவில்லை. ஒரு அளவுகோலைப் பற்றி ஒரு மனிதர் இப்படிப் பேச முடியுமா?

அக்டோபர் 6, வியாழன்

யூனியன் கூடத்தில் கூட்டம். நிற்க இடமில்லை. டாலிவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "கருவி யார் வாங்கித் தர்றதுங்கற பேச்சு வந்தா, பரிசீலிச்சுக்கிட்டிருக்கோம்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

ஃபெரென்ட்ஸ் பேசினார். நானும் பேசினேன். பிறகு லெராய் எழுந்தான்.

"மிஸஸ் டோலெஃப்சன், ஒரு கேள்வி."

மிஸஸ் டோலெஃப்சன்! என் சொந்தத் தம்பி. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"புது அளவுக்குப் புது கருவி வேணும். அதை யார் வாங்கறது?"

டாலிவர் முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. லெராயின் கையைப் பார்த்தேன். நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்தான். சின்ன வயதில் அப்பாவை எதிர்த்துப் பேசும்போதும் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்வான்.

"கம்பெனி இன்னும் முடிவு பண்ணல," என்றேன். "என்னைக் கேட்டா, கம்பெனிதான் வாங்கித் தரணும். மாறணும்னு சொல்றது கம்பெனி. ஆளுங்க சொல்லல."

பின்வரிசையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். லெராய் உட்கார்ந்தான்.

அக்டோபர் 7

டாலிவர் கத்தினார். நான் நின்றுகொண்டே கேட்டேன். காபி இல்லை. வேலை போய்விடும் என்று நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

ஃபெரென்ட்ஸ் நடைபாதையில் காத்திருந்தார். "எங்க தொழிற்சாலையில கம்பெனிதான் வாங்கிக் கொடுத்துச்சுன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன்," என்றார். "உண்மையில பாதிதான் கொடுத்தாங்க."

அக்டோபர் 31, திங்கள்

இரண்டு செய்தி. கம்பெனி மில்லிமீட்டர் கருவிகளை மொத்தமாக வாங்கி ஷாப்பில் ஒரு பொது அறையில் வைக்கப் போகிறது. யாரும் சொந்தக் காசு போட வேண்டாம்.

இன்னொன்று: ஏரிக்குப் போகும் சாலையில், மைலும் கிலோமீட்டரும் போட்ட பலகை வைத்தார்களே, அதில் கிலோமீட்டரை மட்டும் குறிபார்த்து யாரோ துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். மைல் பத்திரமாக இருக்கிறது. ஃபெரென்ட்ஸ் வண்டியிலிருந்து இறங்கிப்போய், ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆறு மில்லிமீட்டர் இருக்கும்," என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

நவம்பர் 19, சனி

மான் வேட்டை இன்று தொடக்கம். ஊரில் ஆண்களே இல்லை. எல்லோரும் ஆரஞ்சு உடையில் காட்டுக்குள். தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது. ஃபெரென்ட்ஸ் துப்பாக்கியைத் தொடமாட்டார். "ஒரு தடவை தொட்டது போதும்," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இருவரும் ஏரிக்கரையில் நடந்தோம். மான் என்று நினைத்து யாராவது சுட்டுவிடக்கூடாதே என்று என் சிவப்புச் சால்வையை அவர் கழுத்தில் சுற்றிவிட்டேன். தண்ணீர் ஓரமெல்லாம் மெல்லிய பனித்தகடு. காலால் தட்டினால் கண்ணாடி உடைவது போலச் சத்தம். அதைத் தட்டிக்கொண்டே வந்தார், சின்னப் பையன் மாதிரி.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார். குளிரில் கையுறையைக் கழற்றுகிற முட்டாள் உண்டா?

"நீங்க" என்று ஆரம்பித்து நிறுத்தி, "நீ" என்றார். அதற்கு மேல் வாக்கியம் இல்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 16, வெள்ளி

நாளைக் காலை கிளம்புகிறார். இன்று மத்தியானம் என் சமையலறையில், பாத்திரம் துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்கூட வந்துடு, வெர்னா. வீடு சின்னதுதான். ஆனா ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்."

"நீங்க இங்க வந்துடுங்களேன். ஷாப்புல உங்களுக்கு வேலை நிச்சயம் உண்டு. இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்த நாடே மாறிடும். உங்க கணக்கு இங்கயும் வந்துடும். அப்புறம் அங்க என்ன, இங்க என்ன?"

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"ஒரு தடவை நாடு மாறினவனுக்கு இன்னொரு தடவை தெம்பு இருக்காது."

"எனக்கு மட்டும் இருக்குமா? நான் இந்த மாநிலத்தைத் தாண்டினதே இல்ல. எடுத்த வேலையும் பாதியில நிக்குது. பம்பு முதல்ல போகட்டும். அப்புறம் பேசலாம்."

"சரி. பம்பு போகட்டும்," என்றார்.

சால்வையை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். போங்கள் என்றேன்.

டிசம்பர் 25

லெராய் வரவில்லை. ஆர்டிஸ் வீட்டில் சாப்பிட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

1978 பிப்ரவரி 5, ஞாயிறு

ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து வரும் நேரத்துக்குப் போன் செய்கிறார். கோட்டைக் கழற்றாமலே ஓடிப்போய் எடுக்கிறேன். இன்று அரைமணி நேரம் அவர் தெருவில் பனி வாரும் வண்டி வராததைப் பற்றிப் பேசினோம். வைத்த பிறகு, அவர் சொன்ன தெருவை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்து வீட்டு நாய், அந்த மூலைக் கடை. நான் பார்த்திராத ஒரு தெரு எனக்கு இப்படி மனப்பாடம் ஆகியிருக்கிறது.

ஜூன் 22, வியாழன்

முதல் மில்லிமீட்டர் பம்புகள் இன்று லாரியில் ஏறின. டாலிவர் கேக் வெட்டினார். ஒன்று கூடத் திருப்பி அனுப்பப்படாது என்று பரிசோதகர் சொன்னார். உள்ளே ஓடும் தண்டை லெராய்தான் கடைந்தான். கேக் வாங்க வந்தவன் என்னைக் கடந்து போகும்போது நின்றான்.

"தண்டு சுத்தமா வந்திருக்காம்," என்றான்.

"கேள்விப்பட்டேன்டா."

"சும்மா சொன்னேன்." போய்விட்டான்.

பம்பு போய்விட்டது. 'அப்புறம் பேசலாம்' என்றேனே.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஃபெரென்ட்ஸ் ஒரு வாரம் வந்து இருந்துவிட்டு இன்று போனார். நல்ல நாட்கள். கடைசி நாள்தான் கெட்டது. நான் இங்கே வாருங்கள் என்றேன். அவர் அங்கே வா என்றார். டாலிவர் இப்போது இரண்டாவது பம்பையும் மாற்றப்போவதாகச் சொல்கிறார், பள்ளிக்கூடங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள், இந்தச் சமயத்தில் எப்படி வருவது என்றேன்.

"நீ என்னை எதிர்பார்க்கல, வெர்னா. இந்த நாடு மாறறதை எதிர்பார்க்கிறே."

"ரெண்டும் ஒண்ணுதானே? மாறினா நீங்க வருவீங்க."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

சொல்லவில்லைதான். நானாக நினைத்துக்கொண்டேன். கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் கணக்கு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தால் அதன் பின்னால் அவரும் வந்துவிடுவார் என்று.

வண்டி திரும்பும் வரை வாசலில் நின்றேன். கையசைத்தாரா என்று வெயிலில் தெரியவில்லை.

1979 மார்ச்

போன் இப்போது மாதத்துக்கு ஒன்று.

1979 அக்டோபர் 9

இன்று ஒரு பள்ளியில் பேசினேன். ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸஸ் டோலெஃப்சன், இது எப்ப வரும்?" சீக்கிரம் என்றேன். "போன வருஷமும் அதையேதான் சொன்னீங்க," என்றாள்.

1980 நவம்பர் 18, செவ்வாய்

டாலிவர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடா போய்விட்டார். புது மேலாளர் மிஸஸ் என்று கூடக் கூப்பிடுவதில்லை, நேரே வெர்னா. என் மேஜையைத் திரும்பக் கொள்முதல் பிரிவுக்கே போட்டுவிட்டார்.

"மில்லிமீட்டரை விடல. புது டிராயிங் எல்லாம் அதுலதான் வரும். ஆனா ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லி, சுவரொட்டி ஒட்டி, எதுக்கு வம்பு? வாங்கறவன் கேக்கறான், நாம செய்யறோம். சத்தமில்லாம செஞ்சுட்டுப் போவோம்."

அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல். ஷாப்பில் மூன்றில் ஒரு பங்கு வேலை மில்லிமீட்டரில் நடக்கிறது. வாசலைத் தாண்டினால் பெட்ரோல் கேலனில், பால் கேலனில், தூரம் மைலில். உள்ளே ஒரு நாடு, வெளியே ஒரு நாடு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரொட்டியை நானே கிழித்தேன். அடியில் சுவர் வெள்ளையாக இருந்தது.

ஃபெரென்ட்ஸிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. எதைச் சொல்வது? நாடு வரவில்லை என்றா?

1981 டிசம்பர் 25

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. கை ஒருமுறை போனது.

1982 மார்ச் 21, ஞாயிறு

எழுதி எவ்வளவோ நாளாகிவிட்டது. இந்தக் குளிர்காலம் முழுக்க ஆட்குறைப்பு. பழைய அங்குல பம்பு வரிசையை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். ஓடுவது ஐரோப்பாவுக்குப் போகும் மில்லிமீட்டர் வரிசை மட்டும்தான். செய்தித்தாளில் ஒரு மூலையில் இன்னொன்றும் போட்டிருந்தது: நாட்டை மெட்ரிக்குக்கு மாற்றுவதற்காக வாஷிங்டனில் வைத்திருந்த வாரியத்தை இந்த ஆண்டோடு மூடுகிறார்கள். கூப்பன்களுக்குப் பக்கத்தில் அந்தச் செய்தி. கூப்பனை வெட்டும்போதுதான் பார்த்தேன்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். லெராய். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சாப்பிட்டியாடா?"

"இல்ல."

மிச்சமிருந்ததைச் சூடாக்கிப் போட்டேன். தின்றான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னை வச்சுக்கிட்டாங்க, அக்கா. அந்தத் தண்டு வேலை தெரிஞ்சவங்க அஞ்சாறு பேர்தான். அதனால. என்னைவிட சீனியர் ரெண்டு பேர் வீட்டுக்குப் போயிட்டானுங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். அன்னிக்குக் கூட்டத்துல கம்பெனிதான் கருவி வாங்கித் தரணும்னு நீ சொல்லலேன்னா, எவனும் கத்துக்கிட்டிருக்க மாட்டான். நான் முதல் ஆளா மாட்டேன்னு நின்னிருப்பேன்." தட்டை நகர்த்திவிட்டு, "அந்த ஃபிராங்க் எப்படி இருக்கான்?" என்றான்.

"தெரியல."

"தெரியலையா? ஏன்?"

ஏன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எதற்குக் காத்திருந்தேன் என்பதையும். கேட்டுக்கொண்டிருந்தவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அடிப் பைத்தியக்காரி! இந்த நாடு மாறும்னா உட்கார்ந்திருந்தே? இந்த ஊர்ல ஒரு வேக வரம்புப் பலகையை மாத்தவே பதினஞ்சு கூட்டம் போடணும்! போ அக்கா. போன் பண்ணு. நான் வெளியில நிக்கிறேன்."

உண்மையிலேயே வெளியில் போய் நின்றான், கோட்டு இல்லாமல்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். குரல் வயதாகியிருந்தது.

"நான் வரட்டுமா?" என்றேன். ஹலோ கூடச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எத்தனையோ தடவை இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன்," என்றார். "இப்ப நீ கேக்கறே. பதில் சொல்ல வரல. கொஞ்சம் டைம் கொடு."

மார்ச் 28, ஞாயிறு

போன் வரவில்லை. சர்ச்சுக்குக் கூடப் போகவில்லை, வந்துவிடுமோ என்று.

ஏப்ரல் 2

இல்லை.

ஏப்ரல் 4, ஞாயிறு

வந்தது. அவருடைய அம்மா பிப்ரவரியில் இறந்துவிட்டாளாம். போக முடியவில்லை. விசாவுக்கு அலைந்து முடிப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்றார். தன்னிடம் அந்தப் பழைய ஆளை எதிர்பார்க்காதே என்றார். முட்டி போய்விட்டது, சிரிப்பு குறைந்துவிட்டது, வேலையும் வாரத்துக்கு மூன்று நாள்தான்.

"இதையெல்லாம் கேட்டுட்டு முடிவு பண்ணு."

"கேட்டுட்டேன்."

"என்ன முடிவு?"

"உங்க ஊருக்கு எந்த ரோட்ல வரணும்?"

அழுகிறாரா என்று தெரியவில்லை. வழியை மட்டும் இரண்டு தடவை சொன்னார். ஒவ்வொரு திருப்பத்தையும் கிலோமீட்டரில்.

ஜூன் 12, சனி

லெராய் வந்து வண்டிக்கு ஆயில் மாற்றினான், டயரில் காற்றுப் பார்த்தான், பிறகு திரும்பவும் காற்றுப் பார்த்தான். ஆர்டிஸ் ஒரு கூடை பிஸ்கட் கொண்டுவந்தாள். "அங்க போனா நான் எத்தனை கிலோன்னு மறந்துடாத," என்று சொல்லிவிட்டு என் தோளில் அழுதாள்.

லெராய் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "பார்டர்ல என்ன கேட்டாலும் சுருக்கமாப் பதில் சொல்லு. நீ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டே," என்றான். அப்புறம் வண்டியின் கூரையைத் தட்டினான், போ என்று. கண்ணாடியில் பார்த்தேன். சாலை நடுவில் நின்றுகொண்டே இருந்தான்.

1984 ஜனவரி 15, ஞாயிறு

காலையில் வாசல் பனியை வாரிவிட்டு, முட்டி வலிக்கிறது என்று ஃபெரென்ட்ஸ் சோபாவில் படுத்துவிட்டார். குளிர்காலம் வந்தால் அவருக்கு முட்டி, எனக்கு அவரைத் திட்டும் வேலை. அவர் அம்மா செய்துவந்த மிளகாய்த்தூள் சூப்பை அடுப்பில் வைத்திருந்தேன். லெராய் போன் செய்தான். இரண்டாவது ஷிப்டைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்களாம். ஆர்டிஸுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷனாம். ஏரி நன்றாக உறைந்திருக்கிறது, மீன் பிடிக்கக் குடிசை போட்டிருக்கிறானாம்.

"அங்க குளிர் எப்படி?"

"இன்னிக்குப் பரவாயில்லடா. மைனஸ் பதினொண்ணுதான்."

"மைனஸ் பதினொண்ணா! வெளியில கால் வைக்காத அக்கா, மூக்கு உதிர்ந்துடும்! வண்டியை ஸ்டார்ட் பண்ணி வச்சியா? இங்கயே பன்னிரண்டு டிகிரிக்கு…" பாதியில் நிறுத்தினான். "ஓ. உங்க ஊர்க் கணக்கா?"

நான் ஃபாரன்ஹீட்டை விட்டுச் செல்சியஸில் சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா."

"இரு, இரு." முணுமுணுவென்று கணக்குப் போட்டான். ஷாப்பில் நாள் முழுக்க மில்லிமீட்டரில் வேலை செய்கிறவன், குளிருக்கு மட்டும் விரல் விட்டு எண்ணுகிறான். "அட, இங்கயும் அதே குளிர்தான்."

"அதேதானா?"

"அதேதான்."

வேறு ஏதேதோ பேசிவிட்டு வைத்தான்.

"எப்படி இருக்கான்?" என்று சோபாவிலிருந்து கேட்டார் ஃபெரென்ட்ஸ்.

"நல்லா இருக்கான்."

சூப்பைக் கிளறப் போனேன். உங்க ஊர் என்றான். சமையலறை ஜன்னல் மேற்கே, லெராய் இருக்கும் ஊர்ப் பக்கம் பார்த்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்திருக்கிறேன். சூப் அடிப்பிடித்துவிட்டது.